இளம் சேற்று நண்டு எந்த நேரத்தில் ஓடு கழற்றுகிறது? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

சேற்று நண்டு வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும், நண்டு இரவில்தான் ஓடு கழற்றும் என்பார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: பெட்டியை எப்போது திறந்து பார்க்கிறீர்கள்? காலையில் என்று பதில் வரும். காலையில் ஒரு முறை மட்டும் பார்ப்பவருக்கு, முந்தைய நாள் நண்பகலில் கழன்ற ஓடும் இரவில் கழன்றதாகத்தான் தோன்றும். நாம் பார்க்கும் நேரமே நண்டுக்கு ஒரு தாளத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்தக் குறையை நீக்கி, உண்மையான நேரத்தைப் பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கல்லூரி ஆய்வு மாணவருக்கும் சிறு பண்ணைக்காரருக்கும் ஒரே முறைதான். கருவிகளின் விலை மட்டும் மாறும்.

எடுத்துக்காட்டாக ஸைல்லா செராட்டா, ஸைல்லா ஒலிவேசியா ஆகிய சேற்று நண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். நம் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் இவை இரண்டும்தான்.

ஓடு கழல்வதற்கு முன் உள்ளே நடப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எதைப் பதிவு செய்கிறோம் என்று தெரியாமல் கேமராவை மாட்டிப் பயனில்லை.

நண்டின் ஓடு வளராது. எனவே உடல் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். வெளியில் நாம் பார்ப்பது சில நிமிட வேலை. அதற்கான ஆயத்தம் பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தோல் பழைய ஓட்டிலிருந்து விலகி, அடியில் மெல்லிய புது ஓட்டை நெய்யத் தொடங்குகிறது. பழைய ஓட்டின் சுண்ணாம்பில் ஒரு பகுதி உடலுக்குள் திரும்புகிறது. நண்டு இரை எடுப்பதைக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடுகிறது. இந்தக் கட்டங்களை 1939-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் ட்ராஷ் ஏ முதல் ஈ வரை எழுத்துகளிட்டு வகுத்தார். ஓடு கழன்றவுடன் உள்ள மென்மை ஏ, பி. கெட்டியான இடைக்காலம் சி. ஆயத்தக் காலம் டி. கழலும் கணம் ஈ. இன்றும் ஆய்வகங்களில் புழங்குவது அந்த வரிசைதான்.

இதை நடத்துவது இரண்டு சுரப்பிகளுக்கு இடையிலான இழுபறி. மார்புப் பகுதியிலுள்ள ஒய் உறுப்பு, எக்டைசோன் வகை ஹார்மோனைச் சுரந்து ஓடு கழற்றத் தூண்டுகிறது. கண் காம்புக்குள் இருக்கும் எக்ஸ் உறுப்பு அதைத் தடுக்கும் ஹார்மோனை விடுகிறது. கண் காம்பை வெட்டினால் நண்டு சீக்கிரம் ஓடு கழற்றும் என்பதை சார்லஸ் ஜெலெனி 1905-லேயே பதிவு செய்திருக்கிறார். சில பண்ணைகளில் இன்றும் காம்பை வெட்டுகிறார்கள். நீங்கள் வெட்டாதீர்கள். நண்டுக்குக் கொடுமை என்பது ஒன்று. வெளிச்சத்தை உணரும் கண்ணும், நேரத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பியும் அதே காம்பில் இருக்கின்றன என்பது இன்னொன்று. அதை அறுத்துவிட்டு நாள் தாளத்தைத் தேடுவதில் பொருளே இல்லை.

ஒரு நுட்பமான செய்தி: எக்டைசோன் வகை ஹார்மோன் ஆயத்தக் காலத்தில் ஏறிக்கொண்டே போய், ஓடு கழல்வதற்குச் சற்று முன் சரிந்துவிடுகிறது. ஆகவே எந்த நாளில் என்பதைத் தீர்மானிப்பது ஒன்று, அந்த நாளில் எந்த மணியில் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்றாக இருக்கலாம். பழ ஈக்கள் கூட்டுப்புழுவிலிருந்து விடியலையொட்டி வெளிவருவதை ஆராய்ந்த காலின் பிட்டென்ட்ரிக் இதை ஒரு வாயிலாகக் கண்டார். உடல் ஆயத்தமான ஈ, அன்றைய வாயில் திறந்திருந்தால் வெளிவரும். தவறவிட்டால் மறுநாள் திறக்கும்வரை காத்திருக்கும். நண்டிலும் நாம் தேடுவது இத்தகைய வாயிலைத்தான். ஒரு தனி நண்டு வாரக்கணக்கில் ஒரு முறைதான் ஓடு கழற்றும் என்பதால், அதனிடம் நாள் தாளத்தைக் காண முடியாது. பல நண்டுகள் சேர்ந்த கூட்டத்தில்தான் தாளம் தெரியும். கீழே வரும் பல முடிவுகளுக்கு இதுவே அடிப்படை.

படி 1: நண்டுகளைப் பெறுதல்

சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பொரிப்பகக் குஞ்சுகளுக்கு வயது தெரியும், ஒரே ஈற்றைச் சேர்ந்தவையாக வாங்கலாம். பிச்சாவரம் போன்ற காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் பிடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயம். பொரிப்பகக் குஞ்சு கடல் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்தை, ஒரு நாளும் உணர்ந்ததில்லை. எனவே அதனிடம் ஓதத்தையொட்டிய தாளத்தைத் தேடுவது வீண். பகல் இரவுக் கேள்விக்கு அது பொருத்தமானது. ஓதக் கேள்விக்கு, கழிமுகத்திலிருந்து உரிய அனுமதியோடு புதிதாகப் பிடித்த குஞ்சுகள்தான் வேண்டும். எந்தக் கேள்வி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு நண்டை வாங்குங்கள்.

அளவு: ஓட்டின் அகலம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உள்ள குஞ்சுகள் வசதியானவை. நண்டு வடிவம் எடுத்த முதல் நிலைக் குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். நான்கைந்து நாளில் ஓடு கழற்றிவிடும். நிகழ்வுகள் விரைவாகச் சேரும் என்றாலும் கேமராவில் தெரியாது. பெரிய நண்டு நன்றாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் காக்க வைக்கும். இடைப்பட்ட அளவில், 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில், இடைவெளி ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு வாரம்.

எத்தனை வேண்டும்? ஒவ்வொரு நண்டும் பத்து நாளுக்கு ஒரு முறை ஓடு கழற்றும் என்று வைத்துக்கொண்டால், 40 நண்டுகளில் நாளுக்குச் சராசரி நான்கு நிகழ்வுகள். 15 நாளில் அறுபது. முப்பதுக்குக் குறைந்த நிகழ்வுகளை வைத்து எதையும் அடித்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

படி 2: ஆளுக்கொரு பெட்டி

சேற்று நண்டு தன் இனத்தையே தின்னும். அதுவும் ஓடு கழற்றிய நண்டு, பக்கத்திலிருக்கும் நண்டுக்கு எளிய இரை. எனவே ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வையுங்கள். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் துளையிட்டு, பொதுத் தொட்டியில் பாதி மூழ்குமாறு நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் ஒரே நீர், ஒரே வெப்பம். மூடி கட்டாயம், குஞ்சுகள் ஏறிவிடும். நீரின் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் போதும். அடித்தளம் வெளிர் நிறமாக இருந்தால் படத்தில் நண்டு தெளிவாகத் தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டைப் போடும் ஆசை வரும். போட்டால் கேமராவுக்கு மறைவாக அதற்குள்ளேயே ஓடு கழலும். வலைத் துண்டு ஒன்றை ஓரமாகப் போடுங்கள்.

நீரின் உப்பு 20 முதல் 25 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு), கார அமிலத்தன்மை 7.5 முதல் 8.5 வரை. காற்றூட்டம் இரவிலும் நிற்கக் கூடாது. ஓடு கழற்றும் நேரத்தில் செவுள்களின் உறையும் சேர்ந்து கழல்வதால் மூச்சுக்கு நெருக்கடி அப்போதுதான். பாதி கழன்ற நிலையில் நண்டு சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

படி 3: வெளிச்சமும் வெப்பமும்

காலை 6 மணிக்கு விளக்கு எரிய வேண்டும், மாலை 6 மணிக்கு அணைய வேண்டும். டைமர் போடுங்கள், கையால் செய்யாதீர்கள். தமிழகத்தில் இயற்கைப் பகலின் நீளமே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்துக்கும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் இடையில்தான் ஆடுகிறது. எனவே இது நண்டுக்கு அந்நியமான ஏற்பாடு இல்லை. சன்னல் வழியே வரும் ஒளியைக் கறுப்புத் துணியால் முழுவதும் மறையுங்கள். கொட்டகைக்கு வெளியே இருக்கும் தெருவிளக்கையும் மறக்க வேண்டாம்.

வெப்பத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி பகலில் சூடேறி இரவில் குளிரும். நண்டு அந்தக் குளிர்ச்சிக்கு எதிர்வினை காட்டுகிறதா, இருளுக்கா என்பதை உங்களால் பிரிக்க முடியாது. தெர்மோஸ்டாட் உள்ள சூடேற்றியால் நீரை ஒரு டிகிரி வரம்புக்குள் நிறுத்துங்கள். முடியாவிட்டால், குறைந்தது மணிக்கு ஒரு முறை வெப்பத்தைப் பதியும் கருவியையாவது நீரில் போடுங்கள்.

படி 4: உணவும் நீர் மாற்றமும்

தினமும் மாலை ஆறு மணிக்கு உணவு போட்டு, இரவில் ஓடு கழல்கிறது என்று எழுதினால், அது இருளின் விளைவா உங்கள் கையின் விளைவா? புது நீர் மாற்றியவுடன் நண்டுகள் ஓடு கழற்றுவது பண்ணைக்காரர்கள் அறிந்ததுதான். வேண்டுமென்றே நீரை மாற்றித் தூண்டுபவர்களும் உண்டு. ஆகவே இவ்விரண்டையும் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் செய்யுங்கள். தாளில் 24 மணி நேரத்தையும் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்தால் போதும். நள்ளிரவு இரண்டு மணி வந்தால் எழுந்திருக்கத்தான் வேண்டும். அது முடியாதென்றால், பகலிலும் இரவிலும் சரிபாதியாக நான்கு நேரங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குள் மாற்றுங்கள். நீர் மாற்றம் சிறு அளவில், அடிக்கடி. ஒவ்வொன்றையும் மணியோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

படி 5: நேரத்தைப் பிடித்தல்

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கேமரா. சாதாரண இரவுக் கண்காணிப்புக் கேமராவே போதும். அதன் அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டர் அலைநீளமுள்ளதா என்று பாருங்கள். விளக்கு கண்ணுக்கே தெரியாது என்று விற்கப்படும் 940 நானோமீட்டர் வகையின் ஒளியை நீர் விரைவில் விழுங்கிவிடும். ஆழம் கூடினால் படம் மங்கும். கேமராவை நேர் மேலே மாட்டினால் நீர்ப்பரப்பு பளபளக்கும். சற்றுச் சாய்த்து மாட்டுங்கள். முழு நேரக் காணொளி தேவையில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் போதும். கேமராவின் கடிகாரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டு வாரம் ஒரு முறை சரிபாருங்கள். அந்தக் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து விலகிப்போனால் உழைப்பெல்லாம் வீண்.

படத்தில் என்ன தேட வேண்டும்? நண்டு அசையாமல் நிற்கும். ஓட்டின் பின் விளிம்புக்கும் வயிற்று மடிப்புக்கும் இடையே ஒரு பிளவு திறக்கும். அதன் வழியே உடல் பின்னோக்கி வெளிவரும். கொடுக்குகள் கடைசியாக உருவப்படும். முடிந்ததும் ஒரு பெட்டியில் இரண்டு நண்டுகள் இருப்பதுபோலத் தோன்றும். பிளவு திறந்த முதல் படத்தின் நேரத்தை எழுதுகிறீர்களா, உடல் முழுதும் வெளிவந்த படத்தின் நேரத்தையா என்பதை முதல் நாளே தீர்மானித்து, கடைசிவரை மாற்றாதீர்கள். முழுதும் வெளிவந்ததை எடுப்பதே தெளிவு.

இரண்டாவது வழி, ஆள் போய்ப் பார்ப்பது. மென்ஓட்டு நண்டுப் பண்ணைகளில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்டிகளைப் பார்ப்பது வழக்கம். ஓடு கெட்டியாவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால். ஆய்வுக்கு மூன்று மணி நேர இடைவெளி நல்லது. நாளுக்கு எட்டுச் சுற்று, இரவும் பகலும் ஒரே இடைவெளியில். இரவுச் சுற்றுக்கு மங்கலான அடர்சிவப்பு விளக்கு. நண்டினங்களின் கண்கள் நீலப் பச்சை ஒளிக்குக் கூர்மையானவை, அடர்சிவப்புக்கு மந்தம். கைப்பேசி விளக்கு வேண்டவே வேண்டாம். இரவில் ஒரு சுற்றைத் தூக்கத்துக்காக விட்டுவிட்டால், அந்த இடைவெளி ஆறு மணி நேரமாகி, அதில் எண்ணிக்கை கூடிக் காட்டும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே பொய்த் தாளம் திரும்பி வந்துவிடும். விட்ட சுற்றை விட்டதாகவே எழுதுங்கள். அந்த நாளைக் கணக்கிலிருந்து முழுவதும் நீக்குங்கள்.

படி 6: கழற்றப்போகும் நண்டை அடையாளம் காணுதல்

எல்லா நண்டும் எப்போதும் ஆயத்தமாக இருக்காது. எது நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் கேமராவை அதன் மேல் திருப்பலாம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மென்ஓட்டு நண்டுத் தொழில் செய்பவர்கள் நீல நண்டின் நீந்து காலைப் பார்த்தே நாள் சொல்கிறார்கள். துடுப்புப் பகுதியின் விளிம்புக்கு உட்புறம் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள், இளஞ்சிவப்பானால் ஒரு வாரத்துக்குள், சிவப்பானால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். நம் சேற்று நண்டில் அந்த நிற வரிசையை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே இடத்தில், பழைய ஓட்டின் விளிம்புக்கும் உள்ளே விலகிய தோலுக்கும் இடையே கண்ணாடிபோல் ஒரு பட்டை தெரியும். கைப்பேசியில் மாட்டும் உருப்பெருக்கி வில்லை இதற்குப் போதும். இழந்த காலின் இடத்தில் முளைத்த மொட்டு பருத்துவிட்டாலும், இரை அப்படியே மிஞ்சினாலும் நெருங்கிவிட்டதென்று கொள்ளலாம்.

சிலர் ஓட்டின் பக்கவாட்டுக் கோட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குஞ்சில் அதைச் செய்யாதீர்கள்.

புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். கழன்ற ஓடு, செத்த நண்டைப் போலவே கண்ணும் காலும் கொடுக்கும் செவுளும் உள்ள முழு உருவமாகக் கிடக்கும். தூக்கிப் பாருங்கள், பின்பக்கம் திறந்து, உள்ளே காலியாக, கண் மூடி கண்ணாடியாக இருந்தால் அது ஓடுதான். இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு: நண்டு தன் ஓட்டையே சுண்ணாம்புக்காகத் தின்னும். ஓடு காணவில்லை என்பதால் கழற்றவில்லை என்று ஆகாது. ஓட்டின் அகலத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை மேலிருந்து அளவுகோலோடு படமெடுத்து அளந்தால், நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ திடீரெனக் கூடியிருப்பது காட்டிக்கொடுக்கும். அப்படிக் கண்டவற்றுக்கு மணி தெரியாது. அவற்றை நாள் தாளக் கணக்கில் சேர்க்காதீர்கள், இடைவெளிக் கணக்கில் மட்டும் சேருங்கள்.

படி 7: கணக்கு

இங்கேதான் நல்ல தரவுகள் பாழாகின்றன. நான்கு நண்டுகள் இரவு 10, 11, 1, 2 மணிக்கு ஓடு கழற்றின என்று வையுங்கள். 24 மணிக் கடிகாரத்தில் 22, 23, 1, 2. கூட்டினால் 48, நான்கால் வகுத்தால் 12. அதாவது நண்பகல்! ஒன்றுகூட நண்பகலில் கழற்றவில்லை. கடிகாரம் வட்டம், அதற்கு வட்டக் கணக்குதான் பொருந்தும்.

ஒவ்வொரு நேரத்தையும் 15-ஆல் பெருக்கிக் கோணமாக்குங்கள். மணி 6 என்றால் 90 டிகிரி, 18 என்றால் 270. ஒவ்வொரு கோணத்துக்கும் கோசைனும் சைனும் கண்டு, தனித்தனியே சராசரி எடுங்கள். இரண்டு சராசரிகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது செறிவு. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் 1, சீராகப் பரவியிருந்தால் 0-க்கு அருகில். சராசரி நேரத்தின் கோணத்தை ஏடேன்2 (ATAN2) சார்பு தரும். எக்செலில் கோசைன் முதலில், சைன் பிறகு. பைத்தானில் நேர் எதிர். டிகிரியை ரேடியனாக மாற்றவும் மறக்க வேண்டாம்.

அடுத்து, நேரங்கள் குவிவது தற்செயலா என்று பார்க்கும் ரேலே சோதனை. செறிவின் வர்க்கத்தை நிகழ்வுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். விடை ஏறத்தாழ 3-ஐத் தாண்டினால், இந்தக் குவிதல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குக் கீழே. 30 நிகழ்வுகள், செறிவு 0.45 என்றால் விடை 6.1, தற்செயலுக்கான வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு மூன்றுதான். மூன்று மணி நேரச் சுற்றில் பார்த்தவர்கள், இடைவெளியின் நடு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நண்டுக்கு ஒரு நிகழ்வு மட்டுமே, முதலில் வந்ததை எடுங்கள். ஒரே நண்டு இரண்டு முறை வந்தால் அது இரண்டு தனிச் சாட்சிகள் ஆகாது.

ரேலே சோதனை ஒரே ஒரு உச்சியைத்தான் காணும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு உச்சிகள் இருந்தால், அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தாளமே இல்லை என்று காட்டும். எனவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் 24 மணி நேர வட்டப் படம் ஒன்றை வரைந்து கண்ணால் பாருங்கள்.

படி 8: இரவைப் பின்பற்றுகிறதா, உள்ளே கடிகாரம் இருக்கிறதா?

இதுவரை செய்தது, இருளில் அதிகம் கழற்றுகிறது என்பதை மட்டுமே காட்டும். இருள் வந்ததால் கழற்றியதா, இருள் வரும் நேரம் உள்ளே தெரிந்ததால் கழற்றியதா என்பது இனிமேல்தான்.

முதலில் விளக்கைத் தலைகீழாக்குங்கள்: மாலை 6-க்கு எரியட்டும், காலை 6-க்கு அணையட்டும். முதல் நான்கைந்து நாட்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், நண்டு பழகட்டும். அதன் பின் உச்சியும் பன்னிரண்டு மணி நேரம் நகர்ந்தால், வெளிச்சம்தான் வழிநடத்துகிறது. நகராமல் பழைய இடத்திலேயே நின்றால், வெப்பமோ ஆள் நடமாட்டமோ மோட்டாரின் அதிர்வோ, வேறேதோ ஒன்று நேரம் சொல்கிறது. தலைகீழ் ஏற்பாட்டில் நண்டின் இரவு உங்கள் பகலாகிவிடும் என்பது இதன் கூடுதல் வசதி.

அடுத்து முழு இருள், வெப்பம் மாறாமல், உணவு ஒழுங்கற்ற நேரத்தில். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் முக்கியம். அப்போதும் பழைய இரவு நேரத்திலேயே நிகழ்வுகள் குவிந்தால், உள் கடிகாரம் இருக்கிறதென்று சொல்லலாம். நாள் கூடக் கூடக் குவிதல் கலையும். ஒவ்வொரு நண்டின் கடிகாரமும் சரியாக 24 மணி நேரமாக ஓடாததால் அவை விலகிப் போகின்றன. அதைத் தாளம் மறைந்ததாக எண்ணிவிடக் கூடாது. மூன்று நாளில் போதிய நிகழ்வுகள் சேராது என்பதால், ஆயத்தமான நண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

ஓதத்தை நாளிலிருந்து பிரித்தல்

கழிமுகத்தில் பிடித்த குஞ்சுகளுக்கு மட்டும் இந்தப் பகுதி. நம் கடற்கரையில் நாளுக்கு இரண்டு முறை ஏற்றமும் வற்றமும் உண்டு. ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். சென்னைப் பகுதியில் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், கால்வாய் ஓரத்துச் சேற்றில் வாழும் குஞ்சுக்கு அது நீருக்கும் நிலத்துக்கும் இடையிலான வேறுபாடு. ஐரோப்பியக் கரை நண்டான கார்சினஸ் மேனஸின் குஞ்சுகளில், ஓடு கழற்றல் ஓதத்தையும் அமாவாசை பௌர்ணமி சார்ந்த அரைத்திங்கள் சுழற்சியையும் ஒட்டிய உள் தாளத்தில் நடப்பதாக செங், அபெல்லோ, நெய்லர் ஆகிய மூவரும் 1999-ல் வெளியிட்டார்கள். சேற்று நண்டிலும் அதே கேள்வியைக் கேட்பது நியாயம்.

பிரிப்பது எப்படி? ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. 15 நாளில் அது கடிகாரத்தில் பன்னிரண்டரை மணி நேரம் நகர்ந்து, ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நாள் மட்டும் பார்த்தால் இரவும் ஏற்றமும் ஒன்றாக வந்து ஏமாற்றும். 15 நாள் முழுதாக, முடிந்தால் 30 நாள் பாருங்கள். அதன் பிறகு ஒரே தரவை இரண்டு விதமாக வட்டத்தில் போடுங்கள். ஒன்று கடிகார நேரம். இன்னொன்று, பிடித்த இடத்தின் கடந்த ஏற்றத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்பது, அதை 12.4-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் கோணம். எந்த வட்டத்தில் புள்ளிகள் குவிகின்றனவோ, நண்டு அதைத்தான் பின்பற்றுகிறது. ஓத அட்டவணையில் துறைமுகத்தின் நேரம்தான் இருக்கும். கழிமுகத்தின் உட்பகுதிக்கு நீர் பின்னால்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தை நீங்களே ஒரு கம்பை நட்டு அளந்துகொள்ள வேண்டும்.

ஆய்வு முடிந்த நண்டுகளைக் கழிமுகத்தில் கொட்டிவிடாதீர்கள். பொரிப்பகக் குஞ்சுகள் நோயைக் கொண்டு செல்லக்கூடும். அருகிலுள்ள வளர்ப்புக் குளத்துக்காரர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். கொடுக்கும்போது, கடைசியாக ஓடு கழற்றிய நாள் எதுவென்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிக் கொடுங்கள்.